பைன் பெஞ்சில் பையனின் அப்பா

பீளமேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு மெஷின் வந்தது. எல்லோரும் மெஷினைப் பார்த்தார்கள். நான் அது வந்த பெட்டியைப் பார்த்தேன். பைன் மரம். வெளிறிய மஞ்சள், இடையிடையே கரும்பழுப்பு முடிச்சுகள், கிட்டப் போனால் டர்பன்டைன் வாசம். கேட்டதும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

என் தச்சுத் திறமையை மதிக்கும் ஒரே மரம் பைன்தான். தேக்கில் என் ரம்பம் ஓடாது. வேம்பில் ஆணி வளையும். பைன் சொன்ன பேச்சு கேட்கும். தூக்க லேசு, அறுக்கச் சுலபம். நகம் பட்டாலே கோடு விழும், ஓரத்தில் துளை போடாமல் ஆணி அடித்தால் நீளவாக்கில் பிளக்கும். இதைத் தெரிந்துகொள்வதற்குள் பெட்டியில் பாதி விறகாகியிருந்தது.

மீதியில் ஒரு பெஞ்சு செய்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை துடியலூரில் எங்கள் வீட்டுக்கு மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மகளுக்குப் பையனைப் பிடித்திருந்தது, பையனுக்கும் அப்படியே. அவன் அப்பா சரி என்று சொல்வதுதான் பாக்கி. கறாரான மனிதர் என்று கேள்வி.

"ஏனுங்க, நாலு சேர் வாடகைக்கு எடுத்துப்போட்டா என்னங்க?" என்றாள் மனைவி.

"நம்ம கையால செஞ்சதுல உக்காந்தா அது தனி மரியாதை அம்மணி."

பைன் முடிச்சுக்குள் பிசின் இருக்கும், சூடு பட்டால் இளகி மேலே வரும். முதலில் அரக்குப் பூசி அதை அடைத்துவிட்டுத்தான் வார்னிஷ் அடிக்க வேண்டும். பெஞ்சு செய்யக் கற்றுக்கொண்ட வீடியோவில் இதைச் சொன்ன இடத்தை நான் தள்ளி ஓட்டிவிட்டேன்.

காலை வெயில் ஜன்னல் வழியாக நேரே பெஞ்சில் விழுந்துகொண்டிருந்தது. பையனின் அப்பா, கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியோடு, இருப்பதிலேயே பெரிய முடிச்சின் மேல் உட்கார்ந்தார்.

பேச்சு நன்றாகத்தான் போனது. கிளம்பலாமென்று அவர் மனைவி எழுந்தார். அவரும் லேசாக எழப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார்.

"என்ன அவசரம்? இன்னொரு காபி குடிச்சுப்போட்டுப் போலாம்."

சமையலறையில் என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம ஊடு அவருக்குப் புடிச்சுப்போச்சாட்ட இருக்குதுங்க."

காபி வந்தது. அவர் எங்கள் போர்வெல் ஆழம் கேட்டார், கரண்ட் பில் கேட்டார். கடைசியில், "இது என்ன மரமுங்க?" என்றார்.

நான் விடுவேனா? பைனின் குணநலன்களை எடுத்துரைத்தேன். "புள்ளைகளுக்குக் கட்டில்கூட இதுலயே நானே செஞ்சு தரலாம்னு இருக்கறனுங்க."

அவர் காலி டம்ளரை மறுபடி வாயில் வைத்துக் கவிழ்த்தார்.

"எந்திரிங்க, நேரமாச்சு" என்றார் அவர் மனைவி. அவர் எழுந்தார். பிளாஸ்திரி உரிப்பது போல ஒரு சத்தம். யார் காதிலும் விழவில்லை. எங்கள் பக்கம் விருந்தாளியிடமிருந்து வரும் எந்தச் சத்தமும் யார் காதிலும் விழாது. தோள் துண்டை எடுத்துப் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பொண்ணு எங்களுக்குச் சம்மதமுங்க. நாள் பாத்தரலாம்."

"ரொம்பச் சந்தோசமுங்க."

"ஒண்ணே ஒண்ணு. தப்பா எடுத்துக்காதீங்க." துண்டைச் சரிசெய்துகொண்டார். "கட்டில மட்டும் நாங்களே கடையில வாங்கிக்கறமுங்க."