அம்மாவின் ஞானியும் மாமாவின் இரண்டு வசனங்களும்

அம்மா என்ன படிக்கிறார் என்பதை அப்பாவின் உறவினருக்கு விளங்கப்படுத்த எங்கள் வீட்டில் யாராலும் முடிந்ததில்லை. கிளேட்டனில் இருந்த பல்கலைக்கழகத்தில் அவர் ஆராய்ந்தது மத்தியகால யூத சமயச் சிந்தனை. எகிப்திலும் ஸ்பெயினிலும் மொரோக்கோவிலும் எண்ணூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்தவர்கள், கடவுளைப் பற்றி மனிதன் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று எழுதிவைத்ததை வாசிப்பதற்காகவே அரபும் ஹீப்ருவும் பழகியிருந்தார். பெரியப்பா அதற்கு 'யூதப் படிப்பு' என்று பெயர் வைத்தார். அதைப் படித்து என்ன வேலை எடுக்கலாம் என்று கேட்பார். பதில் வருவதற்கு முன்னரே சிரித்துவிடுவார்.

பெரியப்பா, ஊரில் சண்டை பெருக்க முன்னரே விமானத்தில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய பொறியியலாளர். மல்கிரேவில் பெரிய வீடு. எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். போரில் இறந்தவர்களுக்காக வருடாவருடம் மண்டபம் எடுத்து விளக்கேற்றும் நிகழ்வையும் அவர்தான் நடத்துவார்.

அந்த நாட்களில் அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு இருந்தார். போரின் கடைசி மாதங்களில் போர்ப் பகுதிக்குள்ளே அகப்பட்டு, ஆமியின் முகாமில் கிடந்து, பிறகு படகில் கடலால் வந்தவர். அவருக்கு என் வயதில் ஒரு மகள் இருந்தாள். அந்தக் கடைசி மாதங்களில் இறந்துபோனாள். எனக்குப் பத்து வயதான வருடம்தான், தானும் மண்டபத்துக்கு வந்து மகளுக்கு ஒரு விளக்குக் கொளுத்தவேண்டும் என்று மாமா முதன்முதலாக வாய் திறந்து கேட்டார்.

நிகழ்வுக்கு முந்திய ஞாயிறு பெரியப்பா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. சாப்பிட்டு முடிய அம்மா குசினியில் கோப்பை கழுவினார். மாமா பின்வளவில் நாயோடு நின்றார். பெரியப்பா குரலைத் தாழ்த்தவேண்டும் என்றுகூட நினைக்காமல் அப்பாவிடம் சொன்னார்.

"தம்பி, உன்ரை மச்சானை மேடைக்கு வரவேண்டாமெண்டு சொல்லு. அந்த வீடியோவை எல்லாரும் பாத்திட்டினம். சனம் கதைக்குது."

ஆமி எடுத்து வெளியில் விட்ட அதை நானும் பார்த்திருந்தேன். முகாமில் மாமா ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருக்கிறார். ஆமி எங்களை நல்லாய்ப் பாக்குது என்கிறார். எங்கட இயக்கத்து ஆக்கள்தான் எங்களைப் போகவிடாமல் மறிச்சவை என்கிறார். இரண்டே வசனம். அவருக்குப் பின்னால் ஆமியின் சப்பாத்துக் கால்கள் மட்டும் தெரியும்.

"பாப்பம் அண்ணா" என்றார் அப்பா. அண்ணன் எதைச் சொன்னாலும் அப்பாவுக்கு அது ஒன்றுதான் பதில்.

அம்மா சவர்க்கார நுரைக் கையோடு வந்து நின்றார். "ஆர் அத்தான் கதைக்கிறது?"

"கோவிக்காதை பிள்ளை. உயிருக்குப் பயந்து சொந்தச் சனத்தைக் காட்டிக்கொடுத்தவன், செத்தவைக்கு விளக்குக் கொளுத்தலாமோ?"

அம்மா என்னை ஏசும்போது வீடே அதிரும். அன்று அவருடைய குரல் இறங்கிப்போய்விட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மொரோக்கோவிலை ஒரு அரசு இருந்தது. எங்கட சமயத்தை ஏற்கிறன் எண்டு ஒரு வசனம் சொல்லு, இல்லாட்டிச் சாவு எண்டு அது யூதரிட்டைச் சொன்னது. கன சனம் அந்த வசனத்தைச் சொல்லிப்போட்டு, வீட்டுக்குள்ளை ஒளிச்சிருந்து தங்கட கடவுளைக் கும்பிட்டினம். தூரத்திலை பத்திரமாய் இருந்த ஒரு பண்டிதர், அதைச் சொன்னவன் யூதனே இல்லை, அவன் ஒளிச்சுக் கும்பிடுறதும் பாவம் எண்டு தீர்ப்புச் சொன்னார். நான் படிக்கிற ஞானி ஒருத்தர் இருக்கிறார், அவருக்கு அதைக் கேட்டு வந்த கோவம்! அவரின்ரை குடும்பமும் அந்த வாளுக்குக் கீழைதான் இருந்தது. அவங்கள் கேட்டது வெறும் வாய்ச்சொல்லு, சொல்லிப்போட்டு உயிரைக் காப்பாத்து, ஏலுமான கெதியிலை அந்த இடத்தை விட்டு வெளிக்கிடு எண்டு எழுதினார். அப்பிடித் தப்பினவனை ஒதுக்கக்கூடாது எண்டும் எழுதினார்."

"யூதன்ரை கதை எங்களுக்கு என்னத்துக்குப் பிள்ளை?" பெரியப்பா சிரித்தார்.

"அந்தப் பண்டிதர் நீங்கள்தான் அத்தான். பிளேனிலை வந்தனீங்கள். உங்கட நெஞ்சுக்கு நேரை ஒருத்தரும் துவக்கு நீட்டேல்லை. என்ரை தம்பி பொய் சொன்னவன்தான். உயிருக்காகச் சொன்னவன். எனக்கு அதிலை வெக்கமில்லை."

பெரியம்மா தேத்தண்ணித் தட்டோடு வந்து, எல்லாருடைய முகத்தையும் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போனார். அப்போதுதான் மாமா பின்கதவடியில் நிற்பதைக் கண்டோம். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"வெளிக்கிடுவம் அக்கா" என்றார்.

காரிலும் அம்மாவுக்கு ஆறவில்லை. "நீ மண்டபத்துக்கு வாறாய். நான் மேடையிலை ஏறி மைக்கிலை சொல்லுறன்."

"என்னெண்டு சொல்லுவியள்?" என்று கேட்டார் மாமா.

"பயத்திலைதான் என்ரை தம்பி பொய் சொன்னவன் எண்டு."

என் பக்கத்தில் இருந்த மாமா முன்சீற்றின் முதுகில் ஓங்கி அடித்தார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

"ஆரக்கா உங்களைக் கேட்டது? முதல் வசனம் பொய். ரெண்டாவது பொய்யில்லை. பிள்ளையைத் தோளிலை வைச்சுக்கொண்டு தண்ணிக்குள்ளாலை ஆமிப் பக்கம் கடக்கப் போனனான். எங்கட பெடியள் மறிச்சுத் திருப்பிவிட்டவங்கள். திரும்பி வந்த இடத்திலைதான் ஷெல் விழுந்தது. ஷெல் அடிச்சவன்ரை கதிரையிலை இருந்து, அவன் நல்லவன் எண்டு பொய் சொன்னனான். மறிச்சவனைப் பற்றிச் சொன்னது உண்மை. அதையும் பொய்யெண்டு மைக்கிலை சொல்லப்போறியளோ?"

அம்மா திரும்பிப் பார்த்தார். பிறகு முன்பக்கம் திரும்பிவிட்டார். அப்பா பச்சை விளக்கு விழுந்தும் காரை எடுக்காமல் இருந்தார். பின்னால் யாரோ ஹோர்ண் அடித்தார்கள்.

மாமா மண்டபத்துக்குப் போகவில்லை. நாங்களும் போகவில்லை. பெரியப்பா வழக்கம்போல் எல்லாருக்கும் பொதுவாக விளக்கை ஏற்றி, நீண்ட உரை ஆற்றினாராம். அம்மா அதன்பிறகு அந்த வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

எனக்கோ அம்மாமேல்தான் கோபம். பெரியப்பாவையே மடக்கியவர் மாமாவிடம் ஏன் வாயடைத்துப்போனார்? வீட்டுக்கு வந்ததும் ஆங்கிலத்தில் கேட்டேன், மாமா சொன்னதற்கு அந்த ஞானி ஒன்றும் எழுதவில்லையா என்று. அம்மா என் தலையைத் தடவிவிட்டு, உடுப்பை மாற்றச் சொன்னார்.

வாளுக்குப் பயந்து பொய் சொன்னவனுக்காகக் கோபப்பட ஒருவர் இருந்தார். அந்த வாளுக்குக் கீழேயே ஒரு உண்மையையும் சொல்லிவிட்டவனுக்காகக் கோபப்பட எங்கள் காரில்கூட ஒருவரும் இல்லை. அது எனக்கு அப்போது விளங்கவில்லை. அம்மா பாடத்தை மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.