பார்ப்பதற்கு எத்தனை சொல்

என் மகள் விடுதிப் பள்ளியில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மலேசியாவில், ரெம்பாவ் பக்கம், எஸ்டேட் வீட்டு வாசலில் உட்கார்ந்து மலாய் வினைச்சொற்களுக்கு ஒத்த சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பார்ப்பதற்கு மட்டும் லிஹாட், பண்டாங், ரெனுங், ஜெலிங் என்று பட்டியல் நீண்டது.

"எல்லாமே பாக்கறதுதானேம்மா, என்னா வித்தியாசம்?" என்றாள். நான் புத்தகத்தைப் புரட்டினேன்.

கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் வேலியோரம் வந்தாள். எங்களோடு பழகித் தமிழ் பேசுவாள், மலாய்ப் பேச்சு வழக்கில் முடிவில் ஒரு 'லா' சேர்த்து. "ரெனுங் இப்படி லா," என்று எங்கள் வாழைமரத்தையே கண் கொட்டாமல் பார்த்தாள். பிறகு, "இது ஜெலிங்," என்று, மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்த தன் கணவரைக் கடைக்கண்ணால் முறைத்தாள். அவர் பதறிப்போய், நான் என்ன செய்தேன் என்று மலாயில் கேட்டார். மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் சாய்ந்துவிட்டாள்.

அதன்பின் அந்தப் பெண் தேர்வு வரை மாலைதோறும் வந்து, சொல்லுக்குச் சொல் நடித்துக் காட்டினாள்.

மகளுக்கு இடம் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்கு நன்றி சொல்லப் போன என்னை அவள் முடிக்கவே விடவில்லை. "நம்ம பிள்ளை லா," என்றாள். விடுதியில் சேர்க்கப் போன அன்று, காரில் அவளும் எங்களோடு வந்தாள்.