பில்டருக்குள் குங்குமம்

எங்கள் அப்பாவுக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. ராசிபுரத்துப் பக்கம் எங்கள் கிணற்றுமேட்டில் ஆயில் இஞ்சின் வந்து இறங்கிய வருஷம் அவருக்கு நியாயமான காரணமே கிடைத்துவிட்டது. யாரோ பில்டருக்குள் பொட்டு வைத்தார்கள்.

பில்டர் என்பது இஞ்சின் ஓரத்தில் இருந்த செம்பளவுத் தகரக் குடுவை. அதற்குள் கம்பளித் துணி சுற்றிய குழாய் ஒன்று இருக்கும். இஞ்சினுக்குள் ஓடும் எண்ணெயின் கசடை அதுதான் பிடித்துக்கொள்ளும். அப்பா அதைக் கழற்றி, வெயிலுக்கு நேரே தூக்கிப்பிடித்துக் கிழிசல் தேடுவார். மூடியின் தோல் வளையத்தை விரலால் தடவுவார். தன்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை என்பார் அம்மா. பிறகு சீமெண்ணெயில் அலசி, காயவைத்துவிட்டுச் சாப்பிட வருவார். திரும்பிப் போனதும் குழாயைப் பாராமலே மாட்டிவிடுவார். வினை அங்கேதான்.

இரண்டு நாளில் இஞ்சின் இருமும். திறந்தால் துணியெல்லாம் சந்தனமும் குங்குமமும் குழம்பி, எண்ணெய்க்கு வழியில்லாமல் அடைத்திருக்கும். அதுவோ உலகச் சண்டைக் காலம், சீமெண்ணெய் குதிரைக்கொம்பு. தண்ணீர் இல்லாமல் மஞ்சள் காடு இலை சுருண்டு நிற்கும்போது மறுபடியும் அலசு, மறுபடியும் காயவை.

வீட்டில் குங்குமச் சிமிழைத் தொடுகிறவர் அம்மா ஒருவர்தான். ஆகவே அர்ச்சனை முழுவதும் அவருக்கே.

"ஏம்புள்ள, இது இஞ்சினா, மாரியாத்தாளா? இன்னொருக்கா அடைச்சா இஞ்சினே இறுகிப் போயிரும். மஞ்சக்காட்டையும் மறந்துற வேண்டியதுதான்!"

"நா வெக்கலீங்க. ஆயுத பூசைக்கு வெளிய வெச்சதோட சரி."

அப்பா நம்பவில்லை. அம்மா அழுதே விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த முறை அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் நான் இஞ்சின் கொட்டகைக்கு ஓடினேன்.

அங்கே அத்தை இருந்தார். அப்பாவின் தங்கை, மாமா செத்த பிறகு வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டவர். பூசை நாளில் இஞ்சின் பக்கமே வராமல் பின்கட்டில் இருந்துகொண்டவர். இப்போது குழாயை மடியில் கிடத்தி, கோயில் குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து, வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா ஓடோணும்னுதான் சாமி," என்றார் என்னிடம். "வெளிய வெச்சா பாத்துப்போடுவாங்கல்ல."

பார்த்தால் என்ன? திருட்டு கையும் களவுமாக அகப்பட்ட மகிழ்ச்சியில் அப்பாவை இழுத்து வந்தேன்.

ஊரே கேட்கும்படி ஒரு கத்தல் விழும் என்று காத்திருந்தேன்.  அப்பாவோ குழாயை வாங்கி மறுபடி அலசினார். காயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மாட்டி இறுக்கினார். பிறகு வீட்டுக்குப் போய் அம்மாவின் சிமிழை எடுத்துவந்து அத்தையிடம் நீட்டினார். அம்மாவும் பின்னாலேயே வந்து நின்றார்.

"உள்ள வேண்டாம் அம்மிணி. வெளிய வெய்யி, எல்லாத்துக்கும் தெரியறாப்பல."

அத்தை இஞ்சின் நெற்றியில் பொட்டு வைத்தார்.  எனக்கோ வயிறு எரிந்தது. வைக்காத அம்மாவுக்கு அத்தனை வசவு, வைத்த அத்தைக்குச் சிமிழையே கொண்டுவந்து கொடுக்கிறார். இது என்ன நியாயம் என்று அப்பாவோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.