ஒரு மீற்றர் இருபது வரும்வரை காத்திருந்த பயணம்

சின்னப் பிள்ளைகளை எந்த வயதில் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகலாம் என்று இந்தப் பக்கத்தை வாசிக்கிற சிலர் கேட்டிருந்தீர்கள். நாங்கள் போன ஒக்டோபரில் போய்வந்தோம். இதைச் சந்தோஷமான பயணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் வுப்பர்டாலில் இருக்கிறோம். நான் மின்சார வேலை செய்கிறவன். மனைவி சுதாவுக்கு மருந்துக் களஞ்சியத்தில் வேலை. மகள் அபிக்குப் பதினொரு வயது, மகன் கவினுக்கு ஆறரை. அபி ஏழு வயதில் வகுப்புத் தோழி ஒருத்தி கொண்டுவந்த விளம்பரத் தாளில் ஒரு சிவப்பு ரோலர் கோஸ்டரைக் கண்டாள். அந்தத் தாளை வாங்கிவந்து தன் அறைக் கதவில் ஒட்டினாள். அதில் ஏற ஒரு மீற்றர் இருபது உயரம் வேண்டும். அவள் அப்போதே அந்த உயரம்.

"தம்பி வளரட்டும், ரெண்டு பேரையும் ஒண்டாக் கூட்டிக்கொண்டு போவம்" என்றாள் சுதா. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு பிள்ளை மேலே போக மற்றது கீழே நின்று அழுவதை எந்தத் தாய் தகப்பன் பார்த்துக்கொண்டு நிற்பது? அபியும் தலையாட்டினாள். பிறகு அதையே தன் திட்டமாக்கிக்கொண்டாள். தம்பியைப் பக்கத்தில் இருத்தி, கையைப் பிடித்துக்கொண்டு, முதல் பெட்டியில் போவது. அதற்காக நான்கு வருடம் தம்பியைக் கதவு நிலையில் நிறுத்தி நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டாள். போன வருடம் உயரம் வராவிட்டாலும் போவோம் என்று நினைத்தோம், ஊரில் என் சித்தப்பா தவறிப்போய்த் துடக்கு, சாவுத் தீட்டு, வந்துவிட்டது. துடக்கோடு பூங்காவில் நிற்பதை யாராவது தமிழ் ஆட்கள் கண்டால் என்ன சொல்வார்கள் என்று பயந்து விட்டுவிட்டோம். பிள்ளைகள் அந்தச் சித்தப்பாவைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

செப்டெம்பர் கடைசியில் அபி குசினிக்கு ஓடிவந்தாள். "அப்பா, தம்பி ஒண்டு இருபது!" அன்றிரவே ரிக்கெற் பதிந்தோம். பள்ளி நாளில் பிள்ளைகளை வீட்டில் மறிக்க விடமாட்டார்கள், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிறு என்றால் யாராவது வீட்டுக் கொண்டாட்டம். ஆகவே இலையுதிர்கால விடுமுறையில் ஒரு வியாழக்கிழமை.

அதே விடுமுறையில் இன்னொரு வேலையும் இருந்தது. போன மாரியில் கவினுக்கு நிமோனியா வந்து எட்டு நாள் கிளினிக்கில் கிடந்தான். அப்போது சுதா அவன் முடியைக் கோயிலுக்கு நேர்ந்திருந்தாள். பள்ளியில் பகிடி பண்ணுவார்கள் என்று விடுமுறையின் முதல் ஞாயிறே மொட்டை அடித்தோம். கவினுக்குப் பஞ்சுப்பொதி போலச் சுருட்டை முடி. அதற்கு மேலே பென்சிலை வைத்துத்தான் அபி அளந்திருந்தாள் என்பது எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

காலை ஏழே முக்காலுக்குப் புறப்பட்டோம். வீட்டிலிருந்து தொண்ணூற்று நான்கு கிலோமீற்றர். நெடுஞ்சாலையில் வேலை நடந்ததால் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. மழைத்தூறல், ஒன்பது பாகை. கார் நிறுத்த எட்டு யூரோ. சுதா ரோல்ஸும் முட்டைச் சாண்ட்விச்சும் ஒரு பெரிய சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணியும் கொண்டுவந்திருந்தாள், சாப்பாட்டுக்குச் செலவில்லை. பூங்காவின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போவது எந்தப் பூங்காவிலும் நடக்கும்.

நேரே சிவப்பு ரோலர் கோஸ்டருக்குத்தான் போனோம். ஐம்பது நிமிட வரிசை. அபி கவினுக்கு எங்கே கையைத் தூக்க வேண்டும், எங்கே கத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தபடி வந்தாள். வாசலில் நின்ற இளைஞன் கவினின் கம்பளித் தொப்பியைக் கழற்றச் சொல்லி அளவுகோலின் கீழ் நிறுத்தினான். ஒரு மீற்றர் பதினெட்டு.

இளைஞன் அந்த மொட்டைத் தலையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. முழங்காலை மடித்துக் குந்தியிருந்து கவினிடம், "மன்னித்துக்கொள், உன்னை ஏற்ற எனக்கு ஆசைதான், ஆனால் பிடிக்கும் கம்பி உனக்குப் பொருந்தாது" என்று ஜெர்மனில் மிக மெதுவாகச் சொன்னான். பின்னால் நின்ற ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்தார். இரண்டு சென்ரிமீற்றருக்கு இவ்வளவு இரக்கமா என்று நினைத்தேன். எரிச்சல்தான் வந்தது.

கவின் அழத் தொடங்கினான். அபி அழவில்லை. அளவுகோலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ போ பிள்ளை, இவ்வளவு நேரம் நிண்டிட்டம்" என்றேன்.

"தனியவோ?"

"அம்மாக்கு ஏலாது, தலை சுத்தும். நான் தம்பியோட நிக்கிறன்."

அவள் உள்ளே போனாள். நாங்கள் மூவரும் வெளியேறும் வழியில் ஒரு கூரையின் கீழ் நின்றோம். "முடி எண்டு ஆர் கண்டது?" என்றாள் சுதா. "எல்லாம் என்ரை நேர்த்தியால வந்த வினை." அப்படிச் சொல்லாதே என்றேன்.

அப்போதுதான் ஒரு சிறுமி எங்களை நோக்கி வந்தாள். எட்டு வயது இருக்கும். பச்சைத் தொப்பி, தடித்த குளிர்சட்டை, பின்னால் அவள் அம்மா. கவினுக்கு முன்னால் வந்து நின்று, தன் தொப்பியைக் கழற்றினாள். ஒரு முடி இல்லை. புருவமும் இல்லை.

"நான் லேனா. நீ எந்தக் கிளினிக்கில் இருக்கிறாய்?" என்று கேட்டாள்.

கவின் மூக்கை உறிஞ்சினான். "இப்போது இல்லை. முன்பு இருந்தேன், எட்டு நாள். ஊசி எல்லாம் போட்டார்கள்."

"அப்படியென்றால் உனக்கு முடிந்துவிட்டதா?"

"முடிந்துவிட்டது."

லேனா திரும்பி, "அம்மா, இவனுக்கு முடிந்துவிட்டதாம்!" என்று கத்தினாள். அவளும் கவினும் பக்கத்திலிருந்த குதிரை ராட்டினத்துக்கு ஓடினார்கள். அதற்கு உயரம் பார்ப்பதில்லை, காத்திருப்பும் இல்லை.

லேனாவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எப்போது முடிந்தது, எத்தனை மாதம் சிகிச்சை, திரும்ப வரவில்லைத்தானே என்று மூச்சுவிடாமல் கேட்டார். வாசலில் நின்ற இளைஞனின் முகமும் வரிசையில் நின்ற பெண்மணியின் கண்ணீரும் அப்போதுதான் விளங்கின. பொய் சொல்ல மனம் வரவில்லை. இது கோயிலுக்குக் கொடுத்த முடி, மகனுக்கு வந்தது நிமோனியா, அந்த நோய் இல்லை என்று சொன்னேன். வெட்கமாக இருந்தது. என் பிள்ளை சுகமாக இருக்கிறான் என்று சொல்ல வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

அவர் கையை விட்டார். ராட்டினத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அவளுக்குச் சொல்ல வேண்டாம், தயவுசெய்து" என்றார்.

சுதா போத்தல் மூடியில் தேத்தண்ணி ஊற்றி அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். "நாங்களும் காத்திருந்தோம்" என்றார். "அவளுக்கும் அந்தச் சிவப்பில்தான் ஆசை. இப்போது ஒன்று இருபத்துநாலு. ஆனால் டொக்டர் அதில் ஏற்றக் கூடாது என்கிறார்."

அபி இறங்கி வந்தாள். முடி எல்லாம் மழையில் ஒட்டியிருந்தது.

"எப்பிடிப் பிள்ளை?"

"பரவாயில்லை. சின்னப் பிள்ளையளுக்குத்தான்." அவ்வளவுதான் சொன்னாள். நான்கு வருடமாகக் கதவில் ஒட்டியிருந்த தாளுக்குக் கிடைத்த பதில் அது. பிறகு அவள் ராட்டினத்தில் இரண்டு மொட்டைத் தலைகளைக் கண்டாள், லேனாவின் அம்மாவைப் பார்த்தாள். அவளாகவே விளங்கிக்கொண்டாள். போய் அவர்களுக்குப் பின்னால் ஒரு குதிரையில் ஏறினாள். மூன்று பேரும் ஏழு தடவை சுற்றினார்கள்.

லேனா களைத்துப்போக, இரண்டு மணிக்கு அவர்கள் போய்விட்டார்கள். நாங்களும் மழை பலக்க மூன்றரைக்குக் கிளம்பினோம்.

போக நினைப்பவர்களுக்கு: விடுமுறையில் போனால் வாசல் திறக்கும்போதே நில்லுங்கள், பதினொரு மணிக்குப் பிறகு எல்லா வரிசையும் நீளும். ஒக்டோபரில் மாற்றுக் காலுறை கட்டாயம். வீட்டில் உயரம் அளந்தால் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தலையில் அழுத்தி வைத்து அளவெடுங்கள். பெரிய பிள்ளை உயரம், சின்னது கட்டை என்றால் இரண்டு பெரியவர்கள் போங்கள், ஒருவர் மாறி ஒருவர் ஏறலாம். அப்படி மாறி ஏறலாம் என்பது நான்கு வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம்தான், நாங்கள்தான் ஒன்றாகப் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றோம். எந்த வயது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பிள்ளை கேட்கிற வருடம் போங்கள். ராட்டினம் மட்டும்தான் ஏற முடியும் என்றாலும் போங்கள்.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் மறுபடி நெரிசல். சுதா முன் இருக்கையில் கண்ணை மூடியிருந்தாள், நித்திரை இல்லை. கவின் பின்னாலிருந்து கேட்டான்.

"அப்பா, அந்த அக்காவும் நேர்த்திக்கே மொட்டை அடிச்சவ?"

நான் முன்னால் நின்ற லொறியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஓம்" என்றேன்.

"அப்ப அவவுக்கும் சுகம் வந்திட்டுது, என்ன? சுகம் வந்தாத்தானே அடிக்கிறது?"

லொறி நகர்ந்தது, நான் கியரை மாற்றினேன். அபிதான் தம்பியின் தலையில் கையை வைத்துச் சொன்னாள்.

"ஓமடா. வந்திட்டுது."