ரோடில்லாத மலைக்கு ரேட்டு

காரவள்ளியில் மலைப்பாதை தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய செவர்லே கார் நின்றுகொண்டிருக்கும். அதற்குச் சொந்தக்காரரும் டிரைவரும் ஒருவரே, வெங்கிடுசாமி. ராசிபுரத்து ஜவுளிக்காரர் ஒருவர் கழித்துவிட்ட வண்டி அது. தன் பங்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டு அதை வாங்கியபோது ஊரே சிரித்தது. இருபத்திரண்டு வருஷமாக அவர் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, பின்னால் கரி அடுப்பு மாட்டிப் புகை கக்கிக்கொண்டு ஓட்டினார்.

அவர் வண்டியில் போவது பொறுமைக்காரர்களுக்கு மட்டுமே சரிப்படும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஹாரனை அமுக்குவார். ரோட்டில் ஆடு படுத்திருந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் அதை எழுப்பி விடுவார். நாமக்கல்லில் கோர்ட்டு வேலையாகப் போகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் மலை மேல் இருக்கிற அரியூர் நாட்டிலிருந்தும் பெரக்கரை நாட்டிலிருந்தும் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வருகிறவர்கள் வேறு வண்டியைத் தேடியதில்லை. அந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வண்டியில் ஒரு கோழிகூட அடிபட்டதில்லை.

நாற்பத்தாறாம் வருஷம் கோடையில் போலீஸ்காரர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஜூலை முதல் தேதியிலிருந்து இன்ஷூரன்ஸ் இல்லாமல் எந்த மோட்டாரும் ரோட்டில் ஓடக் கூடாது. வெங்கிடுசாமிக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

"நல்ல சட்டந்தானே. அடிபட்டவன் குடும்பம் தெருவுல நிக்கக் கூடாதில்ல" என்றார் மனைவி மாராயியிடம். "அதுவும் என்னைய மாதிரி ஓட்டறவனுக்கு ரேட்டு கம்மியாத்தான் இருக்கும்."

"அப்படீன்னா மொத ஆப்பீசுலயே கட்டிப்போட்டு வந்துருங்க" என்றாள் மாராயி.

"ஒரு சீலை எடுக்க நாலு கடை ஏறி எறங்கறவ நீ. நான் மட்டும் மொதக் கடையிலயே தலையாட்டோணுமா?"

சேலத்துக்கு பஸ் ஏறினார். முதல் ஆபீசில் மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா ஊர்ப் பெயரைக் கேட்டார்.

"கொல்லிமலை அடிவாரமுங்க. காரவள்ளி."

குமாஸ்தா அச்சடித்த அட்டை ஒன்றைப் பார்த்தார். "மலைப் பிரதேசம். சாதாரண ரேட்டுக்கு மேல பாதி கூடும்."

"மலை மேல நான் வண்டி ஓட்டறதில்லீங்களே."

"கொல்லிமலைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மலைக்கு ரோடே கெடையாதுங்க. மனுசன் நடந்துதான் ஏறோணும். எங்க ஊர்ல இருந்து நாமக்கல்லுக்குத்தான் நம்ம வண்டி போகும். எல்லாம் சமதரை."

"அட்டையில மலைன்னு இருக்கு. நான் ஒண்ணும் செய்ய முடியாது."

தன்னுடைய இருபத்திரண்டு வருஷத்தைப் பற்றிச் சொன்னார் வெங்கிடுசாமி. அதற்குமுன் இன்ஷூர் செய்திருந்து, நஷ்டஈடு கேட்காமல் இருந்திருந்தால்தான் சலுகை என்றார் குமாஸ்தா. இதுவரை இன்ஷூர் செய்யாதவருக்குச் சலுகை எங்கிருந்து வரும்?

இரண்டாவது ஆள் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டிலேயே தொழில் நடத்திய ஏஜெண்டு குப்புசாமி. மோர் கொடுத்து உபசரித்தார். அவர் சொன்ன ரேட்டைக் கேட்டதும் வெங்கிடுசாமிக்கு முகம் மலர்ந்தது.

"வாடகைக் காருன்னு எழுத வேண்டாம். சொந்த உபயோகத்துக்குன்னு எழுதிருவோம். அதான் இவ்வளவு குறைச்சல்" என்றார் குப்புசாமி.

"சரீங்க. உள்ள உக்காந்து வர்ற நோயாளிக்கு ஏதாச்சும் ஆனா?"

"அதுக்குக் கம்பெனி பொறுப்பாகாது. ஆனா நீங்கதான் இடிக்கவே மாட்டேங்கறீங்களே!"

வெங்கிடுசாமி மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "என்னைய நம்பி ஏறறவங்களை ஏமாத்தறதுக்கா நான் சேலம் வந்தேன்?" என்று எழுந்துவிட்டார்.

மூன்றாவது இடத்தில் அவர் வயதைக் கேட்டார்கள். ஐம்பத்தெட்டு என்றதும் அங்கேயும் ரேட்டு ஏறியது.

"அப்படீங்களா? புதுசா ஓட்டப் பழகின பையன் வந்தா?"

"அனுபவம் இல்லைன்னு அவனுக்கும் கூடும்."

"அப்ப யாருக்குத்தானுங்க கம்மி?"

"வண்டியை வெளியிலேயே எடுக்காதவனுக்கு" என்று சொல்லி அந்த ஏஜெண்டு வாய்விட்டுச் சிரித்தார். வெங்கிடுசாமி சிரிக்கவில்லை.

கையில் பணம் இருந்தது. கட்டியிருக்கலாம். கட்டாமலே ஊர் திரும்பினார்.

ஜூலை பிறந்தது. வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளி நிறுத்தினார். ஒரு வாரம் அது அங்கேயே நின்றது. சேந்தமங்கலத்துச் சந்தைக்குப் போகிறவர்கள் வந்து கேட்டபோது, தம்பியின் காளைகள் இரண்டைப் பிடித்து வந்து, செவர்லேயின் முன்பக்கத்தில் நுகத்தடியைக் கட்டிப் பூட்டினார். எஞ்சினை முடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தானே உள்ளே உட்கார்ந்தார். காளைகளை ஓட்டத் தம்பி முன்னால் நடந்தார். வழிநெடுக ஜனங்கள் ஓடி வந்து பார்த்தார்கள்.

காளப்பநாயக்கன்பட்டியில் சப்-இன்ஸ்பெக்டர் மறித்தார். "இன்ஷூரன்ஸ் எங்கய்யா?"

"மோட்டார் ஓடுனாத்தானுங்களே இன்ஷூரன்ஸ்? இப்ப ஓடறது மாடுங்க. மாட்டுக்கு எந்த ஆப்பீசுலயும் ரேட்டு சொல்லலீங்க."

சப்-இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போய்த் தொலை" என்றார். அந்தச் செய்தி மலை மேல் ஊர்களுக்கும் ஏறியது.

மாராயிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "வீம்புக்கு ஒரு அளவு வேண்டாமுங்களா? அவசரம்னு யாராச்சும் வந்தா மாட்டைப் பூட்டிட்டா போவீங்க?"

அவள் பயந்தபடியே ஆயிற்று. ஒரு பிற்பகல், மழை தூறிக்கொண்டிருந்தபோது, அரியூர் நாட்டு மாதன் மூச்சிரைக்க முன்னால் ஓடி வந்தான். பின்னால் நாலு பேர் மூங்கிலில் கட்டிய தூளியைத் தூக்கி வந்தார்கள். உள்ளே அவன் மனைவி முனியாயி. முந்தின நாளிலிருந்து பிரசவ வலி.

"அண்ணா, வண்டியை எடுங்கண்ணா" என்றான் மாதன்.

இன்ஷூரன்ஸ் நினைப்பே வெங்கிடுசாமிக்கு வரவில்லை. கொட்டகைக்கு ஓடி ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார். வாரக்கணக்காக முடங்கிக் கிடந்த எஞ்சின் கிளம்ப மறுத்தது. மறுபடி சுற்றினார். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கை தோல் உரிந்தது. மாதனும் சுற்றினான். கடைசியில் எஞ்சின் இருமிக்கொண்டு உயிர் பெற்றபோது, தூளியில் முனியாயியின் முனகல் ஓய்ந்திருந்தது.

அன்றைக்கும் அவர் வேகமாக ஓட்டவில்லை. குழி பார்த்து, மேடு பார்த்து, உள்ளே இருப்பவள் குலுங்காதபடி ஓட்டினார். காளப்பநாயக்கன்பட்டியில் அதே சப்-இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார்.

"இன்ஷூரன்ஸ் இல்லீங்க. இப்ப மோட்டார்தான் ஓடுது. கேஸ் எழுதி வையுங்க. இந்தப் புள்ளைய ஆஸ்பத்திரியில விட்டுட்டு நானே வாரேன்."

சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வழி விட்டார்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் முனியாயி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. நேரம் கழித்துக் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டரம்மா பொதுவாகத்தான் சொன்னார். வெங்கிடுசாமிக்கு அது நெஞ்சில் குத்தியது. மலைப்பாதையில் தூக்கி வந்த நேரத்தோடு பார்த்தால் எஞ்சின் மக்கர் செய்த நேரம் பெரிசில்லைதான். மாதன்கூட அவரைக் குறை சொல்லவில்லை. இருந்தும், வண்டியை முடக்கிப் போட்ட தன் வீம்பின்மேல் அவருக்கு ஆத்திரம் வந்தது. அந்த அட்டைக்காரர்கள்மேல் அதைவிடப் பெரிய ஆத்திரம் வந்தது.

திரும்பும்போது சொன்னபடியே ஸ்டேஷன் முன்னால் வண்டியை நிறுத்தி, உள்ளே போய்ப் பெயரைக் கொடுத்தார்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் கேட்டார். "குற்றத்தை ஒப்புக்கிறீரா?"

"ஒப்புக்கறேனுங்க."

"ஏன் இன்ஷூர் செய்யலை?"

மூன்று இடத்திலும் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரேட்டு பிடிக்கவில்லை என்பதற்காகச் சட்டம் காத்திருக்காது என்று சொல்லி அபராதம் விதித்தார். இனியாவது சொன்ன ரேட்டைக் கட்டுவீரா என்றும் கேட்டார்.

"அபராதத்தைக் கட்டறேனுங்க. அது நான் செஞ்சதுக்கு. மலை ரேட்டைக் கட்ட மாட்டேனுங்க. அது நான் செய்யாததுக்கு. வண்டியை வித்தாலும் விப்பேன், அதைக் கட்ட மாட்டேன்."

வெளியே வந்தபோது ஒருவர் கூடவே வந்தார். திருச்சிக் கம்பெனி ஒன்றுக்குப் புதிதாக ஏஜெண்டாகியிருந்த காளியண்ணன். வேறொரு கேசுக்காக வந்தவர்.

"நெசமாவே ரோடு இல்லீங்களா?"

"நாளைக்கு ஊட்டுக்கு வாங்க. ரோட்டைக் காட்டறேன்."

மறுநாள் காளியண்ணன் வந்தார். வெங்கிடுசாமி அவரை உட்காரக்கூட விடவில்லை. நேரே மலைப்பாதைக்குக் கூட்டிப்போனார். கல்லும் வேருமான அந்தச் செங்குத்தில், பூட்ஸ் போட்ட காலோடு காளியண்ணன் கையை ஊன்றி ஊன்றி ஏறினார். கொஞ்ச தூரத்தில் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இன்னும் மேல போலாமுங்களா? ரோடு அங்க எங்காச்சும் இருந்தாலும் இருக்கும்" என்றார் வெங்கிடுசாமி.

"போதுமுங்க. எழுதறேன்" என்றார் காளியண்ணன்.

பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை செவர்லே கொட்டகையில்தான் நின்றது. ஆனால் தினமும் காலையில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தார். மலை ரேட்டு வேண்டாம் என்று கம்பெனி ஒத்துக்கொண்டது. கண் நன்றாக இருக்கிறதென்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் வயதுக்கும் கூடுதல் கிடையாது. உள்ளே ஏறுகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. அந்த இருபத்திரண்டு வருஷத்துக்கு மட்டும் ஒரு சல்லிகூடக் குறைக்க மாட்டோம், சலுகை அடுத்த வருஷத்திலிருந்துதான் என்று எழுதியிருந்தார்கள்.

"அதுக்கும் நான் எழுதிப் பாத்துட்டேனுங்க. அவங்க எறங்கி வரலை" என்றார் காளியண்ணன் சங்கடத்துடன்.

வெங்கிடுசாமி இன்ஷூரன்ஸ் பாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பேனாவை வாங்கி, வாடகைக் கார் என்று எழுதியிருக்கிறதா என்று படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"இதை நான் ஞாயம்னு ஒத்துக்கலீங்க. மலையில இருந்து ஆளுங்க எறங்கி வாராங்க, அவங்களுக்காகப் போடறேன்" என்றார். "அடுத்த வருசமும் எல்லா ஆப்பீசுலயும் ஏறி ரேட்டு கேப்பேன். உங்க கம்பெனியை உட்டா எனக்கு ஆளில்லைன்னு நெனச்சுக்காதீங்க."

"தாராளமா கேளுங்க" என்றார் காளியண்ணன்.

வெளியே பெரக்கரை நாட்டு ஆட்கள் இரண்டு பேர் ஒரு கிழவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வெங்கிடுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை எடுக்கப் போனார்.