ஒன்றரை டாலரும் எட்டு மில்லியனும்

கிளீட்டஸ் ஜாடினிடம் ஒரு துடுப்பு உண்டு, படகு கிடையாது. அமெரிக்காவின் ஃபாக்ஸ் நதிக்கரையில் பிறந்து எழுபத்தோரு வயதாகியும் மனிதர் அந்தத் தண்ணீரில் கால் நனைத்ததில்லை. ஆகஸ்ட் மாதத் தேவாலய விருந்தில் பூயா கிண்டத்தான் அந்தத் துடுப்பு. கோழியும் மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் கேரட்டும் ஓர் ஆள் உட்காரக்கூடிய அண்டாவில் விடியுமுன் இறங்கி, எது எதுவென்று சொல்ல முடியாத பதத்துக்குக் குழைந்தால்தான் அது பூயா. பதம் வந்துவிட்டது என்று சொல்லும் அதிகாரம் பதினெட்டு வருடமாக அவர் ஒருவருக்கே. பாதிரியாரே ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் கரண்டியைத் தொட வேண்டும்.

முதல் கிண்ணம் யாருக்கு என்பதும் அவர் முடிவுதான். அந்த வருடம் ஊருக்காக எதையாவது விட்டுக்கொடுத்தவருக்கு அது போகும். இந்த வருடம் ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியின் இஸாயா பெட்டிவேக்கு என்று அறிவித்துவிட்டார். பந்தை எறிபவனை எதிரிகள் மிதித்துவிடாமல் நடுவில் சுவராக நிற்கிற வாட்டசாட்டமான பையன். மார்ச் மாதம் பத்திரிகையில், பெட்டிவேயின் ஒப்பந்தம் மாற்றி எழுதப்பட்டது, அணிக்கு எட்டு மில்லியன் டாலர் இடம் கிடைத்தது என்று கொட்டை எழுத்தில் வந்திருந்தது. அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டினார் கிளீட்டஸ். எட்டு மில்லியனை விட்டுக்கொடுத்த பிள்ளை! ஆறு பக்கத்தில் கடிதம் வேறு எழுதிப்போட்டார்.

அவருடைய மச்சான், அதாவது மனைவி பெர்னடெட்டின் அண்ணன் ரோலண்ட், கட்டிங்கைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஒன்றரை டாலருக்குத் துணைக்கு ஆள் கெடச்சாச்சா மச்சான்?"

ஒன்றரை டாலர் கதை ஊருக்கே தெரியும். முப்பத்திரண்டு வருடம் முன்பு, எல்லோரும் காகித ஆலையில் வேலை பார்த்த காலம். மணிக்கு ஒன்றரை டாலர் கூலியைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மூன்றாம் எந்திரத்தை நிறுத்துகிறோம் என்றது நிர்வாகம். சங்கக் கூட்டத்தில் நாற்காலி மேல் ஏறி, விட்டுக்கொடுப்போம் என்று பேசிய ஒரே ஆள் கிளீட்டஸ். ரகசிய வாக்கெடுப்பு. பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் ஜெயித்தது. எந்திரம் மேலும் ஆறு வருடம் ஓடிவிட்டுப் பழைய இரும்புக்குப் போனது.

அதற்கப்புறம் யாரைக் கேட்டாலும், நான் வேண்டாம் என்றுதான் போட்டேன் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களைக் கூட்டினால் ஆலையில் இருந்த ஆட்களைவிட நாற்பது பேர் அதிகமாக வரும். அவர்களில் ரோலண்டுக்குத்தான் குரல் பெரிது. வருடா வருடம் நன்றி கூறும் நாளின் வான்கோழி விருந்தில் குழம்பை நீட்டும்போதெல்லாம், "எடுத்துக்கோ மச்சான், ஒன்றரை டாலர்தான்" என்பார். கிளீட்டஸும் சிரித்துவைப்பார். உள்ளுக்குள் எரியும்.

"அந்தப் பையன் செஞ்சா தியாகம், நான் செஞ்சா மட்டும் ஏமாளித்தனமா?" என்று பெர்னடெட்டிடம் பொருமினார். "அவன் வந்து எங்கையால ஒரு கிண்ணம் வாங்கிக்கட்டும். அப்புறம் உங்க அண்ணன் வாயைத் திறக்கட்டும், பாக்குறேன்."

நம்புவீர்களோ மாட்டீர்களோ, பெட்டிவே வந்துவிட்டான். அண்டா அருகே அவன் நின்றதும் பாதிப் பந்தலுக்கு நிழல் விழுந்தது. கிளீட்டஸ் முதல் கிண்ணத்தை நீட்டினார். பையன் வாங்கவில்லை.

"ஐயா, உங்க லெட்டரைப் படிச்சதுலேர்ந்து மனசே சரியில்ல. நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். நான் ஒண்ணையும் விட்டுக்கொடுக்கல."

"எட்டு மில்லியன், தம்பி? பேப்பர்ல போட்டிருந்தானே!"

"இந்த வருஷம் எனக்குப் பதினோரு மில்லியன் சம்பளம். செப்டம்பர்லேர்ந்து வாரா வாரம் வர வேண்டியது. அதுல பத்தை போனஸ்னு பேர் மாத்தி, மார்ச்சுலயே ஒரே செக்கா குடுத்துட்டாங்க. ஒரு காசு கொறையல. சொல்லப்போனா சீக்கிரமாவே கைக்கு வந்துடுச்சு."

"அப்ப இடம் கெடச்சதுங்கிறது?"

"அது கணக்குல கெடச்ச இடம். ஒரு அணி வருஷத்துக்கு இவ்வளவுக்கு மேல சம்பளக் கணக்கு காட்டக் கூடாதுன்னு உச்சவரம்பு இருக்கு. சம்பளம்னா அந்த வருஷமே முழுசா எழுதணும். போனஸ்னா அஞ்சு வருஷத்துக்குப் பங்கு போட்டு எழுதலாம். வருஷத்துக்கு ரெண்டு மில்லியன். இந்த வருஷக் கணக்குல எட்டு கொறைஞ்சுது, அவ்ளோதான்."

"மிச்ச எட்டு?"

"வர்ற வருஷங்க தலையில விழும். நான் இந்த ஊரை விட்டே போனாலும் எம்பேரைப் போட்டு எழுதித்தான் ஆகணும்."

ரோலண்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடி சக்கை! காசையும் முன்னாடியே வாங்கிட்டான், தியாகின்னு பேரையும் வாங்கிட்டான்! மச்சான், இந்த வித்தை அன்னிக்கு உனக்குத் தெரியாமப் போச்சே!"

கிளீட்டஸின் முகம் செத்துவிட்டது. கிண்ணத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயா," என்றான் பெட்டிவே. "அந்த ஒன்றரை டாலரை வேற ஏதாவது பேர்ல திருப்பிக் குடுத்தாங்களா?"

"எந்தப் பேர்லயும் குடுக்கல. போனது போனதுதான்."

"அப்ப நெசமா விட்டுக்கொடுத்தது நீங்கதான். இந்தக் கிண்ணம் உங்களுக்குத்தான் சேரணும். உங்ககூட சரின்னு போட்டவங்க எத்தன பேர்?"

"இருநூத்திப் பதினாலு."

"அவங்கல்லாம் எங்க?"

கிளீட்டஸ் வரிசையைப் பார்த்தார். கையில் டிக்கெட்டோடு நின்றவர்களில் பாதிப் பேர் ஆலைக்காரர்கள். ஒருவர் முட்டைக்கோஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"யாரும் இல்ல தம்பி," என்றார் கிளீட்டஸ். "நான் ஒருத்தன்தான்."

ரோலண்டின் சிரிப்பு எப்போது நின்றதென்று யாரும் கவனிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"நானும்தான்," என்றார்.

"என்னது?"

"நானும் சரின்னுதான் போட்டேன். வீட்டுக் கடன் இன்னும் அஞ்சு வருஷம் பாக்கி இருந்துச்சு. மெஷின் நின்னிருந்தா வீடு போயிருக்கும். கூட்டத்துல வேண்டாம்னு கத்திட்டு, சீட்டுல சரின்னு போட்டேன். உன் புண்ணியத்துலதான் மச்சான் கடனை அடைச்சேன்."

டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்த பெர்னடெட் சுருளைக் கீழே போட்டுவிட்டாள். முப்பத்திரண்டு வான்கோழி விருந்து! கிளீட்டஸுக்கு அழுகையும் ஆத்திரமும், கூடவே வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷமும் ஒன்றாகக் கிளம்பின. முதல் கிண்ணத்தை அங்கேயே நின்றபடி, மடக் மடக்கென்று, தானே குடித்து முடித்தார். பதினெட்டு வருடத்தில் முதல் கிண்ணம் அவருக்கே போனது இதுவே முதல் தடவை.

வாயைத் துடைத்துக்கொண்டு துடுப்பால் வரிசையின் கடைசியைக் காட்டினார்.

"போ. அங்க போய் நில்லு. பெர்னடெட், உங்க அண்ணன்கிட்ட மட்டும் கிண்ணத்துக்கு ஒன்றரை டாலர் கூட வாங்கு!"

ரோலண்ட் போய்க் கடைசியில் நின்றார். முறை வந்ததும் ஒன்றரை டாலரைச் சில்லறையாக எண்ணி வைத்தார். அவருக்குப் பின்னால் ஆலைக்காரர்கள் இரண்டு பேர் வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் கையிலும் சில்லறை இருந்தது.