களை எடுக்கக் கூடாத மூன்று பாத்திகள்

கரும்பில் களை ஆராய்ச்சி செய்கிறவருக்கு முதல் எதிரி களை இல்லைங்க, களையைக் கண்டால் கை சும்மா இருக்காத நல்ல மனுஷங்கதான். வயலில் சோதனை போட்டு நொந்துபோன என் இனத்தார் யாராவது இதைப் படித்தால் இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீர்கள்.

பாத்தி பிரித்த நாள்

திருவையாறு பக்கம் செல்வராசு அண்ணன் தன் கரும்பு வயலில் அரை ஏக்கரை என் சோதனைக்குக் கொடுத்தார். பன்னிரண்டு பாத்தி பிரித்தேன். ஒன்பதில் மருந்து, கைக்களை, இரண்டும் சேர்த்து என்று விதவிதமான வைத்தியம். மீதி மூன்றில் களையைத் தொடவே கூடாது. அவற்றோடு ஒப்பிட்டால்தான் மற்ற வைத்தியம் பலித்ததா என்று சொல்ல முடியும். மூன்றில் ஒன்று கெட்டாலும் கணக்கு நிற்காது. முந்தின வருஷம் போட்ட சோதனை மழையில் முங்கிப்போனது. இதுவும் போனால் என் முனைவர் பட்டம் அம்போ.

இத்தனையும் விளக்கினேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "களையைக் கொல்றதுக்குப் பட்டம் குடுக்குறாங்க, சரி. வளத்து விடுறதுக்குமா மேடம் குடுக்குறாங்க?"

சோற்றுப் பொழுது

முப்பதாம் நாள் கைக்களை. ஜோதி அக்கா தன் செட்டுப் பெண்களோடு வந்தார். எதில் எடுக்கணும், எதைத் தொடக் கூடாது என்று பாத்தி பாத்தியாகக் காட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால், தொடக் கூடாத பாத்தியில் ஒரு வரிசை வழித்துத் துடைத்த மாதிரி இருக்கிறது! வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதாம். பாவம், அந்தப் படிக்கிற பொண்ணு இதை மட்டும் விட்டுட்டாளே என்று கூலி இல்லாமலே எடுத்தார்களாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, அது ஓரத்து வரிசை, கணக்கெடுப்பில் சேராது.

நான் கத்தி முடிக்கும்வரை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற ஜோதி அக்கா நிதானமாகக் கேட்டார்: "கோரையைக் கண்ணால பாத்துட்டு அப்படியே வீட்டுக்குப் போனா சோறு எறங்குமா?"

போர்டு

மறுநாளே தகரத்தில் 'இங்கே களை எடுக்கக் கூடாது' என்று எழுதி நட்டேன். ஊரே வந்து படித்துச் சிரித்துவிட்டுப் போனது. நாலாம் நாள், பசுமாடு வைத்திருக்கும் மல்லிகா அரிவாளும் கயிறுமாகப் பாத்தியில் இறங்கப் பார்த்தாள். ஓடிப்போய் மறித்தேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதனால் அன்றிலிருந்து வாரம் ஒரு கட்டு வரப்புப் புல்லை நானே அறுத்து அவள் வீட்டில் போட்டேன். அந்தக் கேள்வி இதுதான்: "மாட்டுக்குப் புல்லு அறுக்கக் கூடாதுன்னு போர்டுல எங்க இருக்கு?"

பெண் பார்க்க வந்தவர்கள்

தொண்ணூறாம் நாள் கணக்கெடுப்பு திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் அண்ணன் மகளைப் பெண் பார்க்கப் பாபநாசத்திலிருந்து வருகிறார்கள். பாதையை ஒட்டியே என் பாத்தி ஒன்று. அதில் கோரையும் சாரணையும் கரும்பை முழுங்கிக்கொண்டிருந்தன. விவசாயக் குடும்பத்துக்காரர்கள் பெண்ணுக்கு முன்னாடி வயலைத்தான் பார்ப்பார்கள்.

சனிக்கிழமை அண்ணன் களைக்கொட்டோடு அங்கே நின்றார். பொண்ணு வாழ்க்கையைவிடப் பட்டம் பெருசா, எடுத்துடுங்கண்ணே என்றேன். மனசே இல்லாமல்தான் சொன்னேன். அவரோ, நாளைக் காலையில் நான் தொப்பி போட்டுக்கொண்டு அந்தப் பாத்திக்குள்ளேயே நிற்கணும் என்று சொல்லிவிட்டுக் களைக்கொட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நின்றேன். கார் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா இறங்கியதும் கண் நேராக என் பாத்திக்குத்தான் போனது. அண்ணன் என்னைக் கைகாட்டிச் சத்தமாகவே சொன்னார், மிச்ச வயலெல்லாம் தான் பார்க்கிறதாம், அந்த மூலை மட்டும் படித்த மேடம் பார்க்கிறதாம். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வரப்புவரை நடந்து வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "சங்கடப்படாதம்மா, களை எடுக்க எங்க ஊர்லேருந்து நாலு ஆள் அனுப்பி வெக்கிறேன்."

கல்யாணமும் நடந்தது, பட்டமும் கிடைத்தது. ஆனால் களை நிர்வாகத்தில் முனைவரான நான், பாபநாசம் சம்பந்தி வீட்டில் இன்றைக்கும் களை எடுக்கத் தெரியாத பொண்ணுதான்.